‘சோம்பேறி’ என்ற பட்டமும் ஒரு சிறு புழுவும்



ஒவ்வொரு கோடையிலும் நம் குடியிருப்பிலிருந்து நாலைந்து குடும்பங்களாவது ஜவ்வாது மலைக்குப் போய் வருகின்றன. ஜமுனாமரத்தூர் கோடை விழா, பீமன் அருவி, காவலூர் தொலைநோக்கி எல்லாம் பார்த்துவிட்டு, சாமை அரிசியும் மலைத்தேனும் வாங்கிக்கொண்டு இறங்கி வந்து வாட்ஸ்அப் குழுவில் படங்கள் போடுகிறீர்கள். நானும் ரசிக்கிறேன். இந்தக் காலாண்டு இதழுக்கு ஏதாவது வரலாறு எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டபோது, அந்த மலையைப் பற்றியே எழுதலாம் என்று தோன்றியது. ஆனால் அருவியைப் பற்றி அல்ல, ஒரு புழுவைப் பற்றி. இட்லித் தட்டோடு உட்கார்ந்து படிப்பவர்கள் இட்லியை முடித்துவிட்டு வாருங்கள்.

கடந்த பொதுக்குழுவில் நடந்த ஒரு பேச்சுக்கும் இந்தப் புழுவுக்கும் சம்பந்தம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1980களில் நான் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வங்கி எழுத்தராக இருந்தேன். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் என்று மத்திய அரசின் கடன் திட்டம் ஒன்று அப்போது பெரிதாக நடந்துகொண்டிருந்தது. கறவை மாடு, ஆடு, தேன் பெட்டி என்று சிறு கடன்கள், பாதிக்கு மானியம். மலையிலிருந்து மலையாளி இனத்து மக்கள் காலையிலேயே இறங்கி வந்து வாசல் படியில் காத்திருப்பார்கள். (கேரளத்து மலையாளிகள் அல்லர். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வரும் பெயர், பேசுவது தமிழ்தான்.) பெரும்பாலும் கைநாட்டு. மை டப்பாவில் அவர்கள் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தி, பத்திரத்தில் உருட்டி எடுப்பது என் வேலை. ஒரு நாளைக்கு இருபது, முப்பது விரல் பிடித்திருப்பேன். அந்த நகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. நம் நகத்தில் இருக்கும் இளஞ்சிவப்பு அவற்றில் இருக்காது. காகிதம் போல வெளுத்திருக்கும். சிலருக்கு நடுவில் குழிந்து ஸ்பூன் மாதிரி இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நிற்கும் போல.

கிளையில் மூத்தவர்கள் சாதாரணமாகச் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: “மலைக்காரங்களுக்குக் கடன் குடுத்தா வராது சார், சோம்பேறிங்க.” யாரும் கெட்ட எண்ணத்தோடு சொன்னதில்லை. பஸ் லேட் என்று சொல்வது போலச் சொல்வார்கள். வெளுத்துக் குழிந்த நகம் கடுமையான இரத்தசோகையின் அடையாளம் என்று பிற்பாடு ஒரு மருத்துவர் எனக்கு விளக்கினார். இரத்தசோகைக்குக் காரணங்கள் பல: இரும்புச்சத்து குறைந்த சாப்பாடு, அடுத்தடுத்த பிரசவம், பெண்களுக்கு மாதவிலக்கு. ஈரமண்ணில் வெறுங்காலோடு நடக்கும் ஊர்களில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்ளும். அதுதான் கொக்கிப் புழு.

ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சிறுகுடலின் சுவரைக் கடித்துப் பிடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியே வருகின்றன. வெட்டவெளியில் விழுந்த அந்த முட்டை, நிழலும் ஈரமும் சூடும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிந்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் நூல் போன்ற குட்டிப்புழு தயாராக நிற்கும். வெறுங்கால் அந்த மண்ணில் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போய், அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேரும். வாய் வழியாகக் குடலுக்கு வரத் தெரியாத மாதிரி இவ்வளவு சுற்றுவழி.

வங்கிக்காரனுக்குக் கணக்கு போடாமல் இருக்க முடியாது. கொக்கிப் புழுவில் இரண்டு வகை முக்கியம். அவற்றில் சாதுவான வகையே ஒரு புழு ஒரு நாளைக்கு சுமார் 0.03 மில்லி இரத்தம் குடிக்கிறதாம். 100 புழு இருந்தால் 3 மில்லி. ஒரு டீஸ்பூனுக்கும் குறைவுதான், யாருக்கும் தெரியாது. ஆனால் வட்டி போல அது தினமும் கழிகிறது. ஒரு வருடத்துக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. நாம் இரத்ததான முகாமில் கொடுக்கிறோமே 350 மில்லி, அதைப் போல மூன்று முறை. நாம் கொடுத்தால் ஜூஸும் பிஸ்கெட்டும் சான்றிதழும் கிடைக்கும். அடுத்த வகைப் புழு இதைப் போல ஐந்தாறு மடங்கு குடிக்கும். ஏற்கெனவே சாப்பாட்டில் இரும்புச்சத்து போதாத உடம்பில் இந்தப் பற்று எழுதிக்கொண்டே போனால் இருப்பு எங்கே நிற்கும்? மூச்சு வாங்கும், மேட்டில் ஏற முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பிடிக்காது. பார்ப்பவர்கள் சோம்பேறி என்பார்கள்.

அந்தப் பட்டம் ஜவ்வாது மலைக்கு மட்டும் சொந்தமானதல்ல. உலகம் முழுக்க இந்தப் புழு போன இடமெல்லாம் அதுவும் கூடவே போயிருக்கிறது.

1880இல் ஸ்விட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 15 கிலோமீட்டருக்கு கோத்தார்டு ரயில் சுரங்கப்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுரங்கத் தொழிலாளர்கள், பெரும்பாலும் இத்தாலிக்காரர்கள், வெளுத்துப்போய் விழ ஆரம்பித்தார்கள். வெளியே பனி, உள்ளே வெப்பமும் சேறும். கழிப்பிடம் கிடையாது. குளிர்நாட்டுக்கு நடுவே ஒரு செயற்கை வெப்பமண்டலத்தை உருவாக்கி வைத்திருந்தார்கள். டூரின் நகரத்துப் பேராசிரியர் பெரொன்சிதோ அந்தத் தொழிலாளர்கள் குடலில் இருந்தது கொக்கிப் புழு என்று காட்டினார். நோய் உற்பத்தியான இடம் அவர்கள் வீடோ ஊரோ அல்ல, வேலை செய்த இடம் என்று துல்லியமாகத் தெரிந்த பழைய உதாரணங்களில் இது ஒன்று.

அது கால் வழியாக ஏறுகிறது என்று தெரிந்தது ஒரு தற்செயலால். கெய்ரோவில் இருந்த ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர் குட்டிப்புழுக்கள் கலந்த நீரை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஒரு சொட்டு கையில் சிந்திவிட்டது. அரித்தது, சிவந்தது. சில வாரங்கள் கழித்துத் தன் மலத்தையே பரிசோதித்துப் பார்த்தார், புழு முட்டைகள் இருந்தன. 1898இல் அவர் இதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை.

அடுத்தது அமெரிக்கா. தெற்கு மாநிலங்களின் ஏழை வெள்ளைக்காரர்களை வடக்கே உள்ளவர்கள் சோம்பேறிகள் என்று கேலி செய்வது வழக்கம். சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற விஞ்ஞானி 1902இல் அதற்குக் கொக்கிப் புழுதான் காரணம் என்று சொன்னார். ஒரு பத்திரிகை உடனே ‘சோம்பேறித்தனத்தின் கிருமி கண்டுபிடிப்பு’ என்று கேலியாகப் போட்டது. ஆனால் பெட்ரோல் அரசர் ராக்பெல்லர் 1909இல் பத்து லட்சம் டாலர் கொடுத்து ஒரு ஆணையம் அமைத்தார். அந்த ஆணையம் மருத்துவமனைகளில் உட்கார்ந்து நோயாளிகளுக்காகக் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூடங்களுக்குப் போனது. சோதித்த பள்ளிப் பிள்ளைகளில் பத்தில் நான்கு பேருக்குப் புழு இருந்தது. சந்தைகளிலும் நீதிமன்ற வாசல்களிலும் மைக்ராஸ்கோப்பை வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் அவரவர் புழுவைக் காட்டினார்கள். நம் ஊரில் தேர்த்திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் சுகாதார ஸ்டால் போடுவதைப் போல. பார்த்தவர்கள் மருந்து சாப்பிட்டார்கள், கழிப்பறை கட்டவும் தொடங்கினார்கள்.

இனி கதை நம்மவர்களிடம் வருகிறது. அதே ராக்பெல்லர் அமைப்பு 1916இல் இலங்கையில் வேலையைத் தொடங்கியது. தேர்ந்தெடுத்த இடம் தேயிலை, ரப்பர் தோட்டங்கள். அங்கே வேலை செய்தவர்கள் சேலம், திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன தமிழர்கள். பத்தடி அறையில் ஒரு குடும்பம் வாழும் லயங்கள். மழை, நிழல், ஈரம், வெறுங்கால், கழிப்பறை இல்லாமை. கொக்கிப் புழுவுக்கு யாரோ பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொடுத்த மாளிகை மாதிரி. ‘கூலி சோம்பேறி’ என்று துரைமார்கள் எழுதியதற்குக் கணக்கே இல்லை.

அந்தக் காலத்து மருந்து, கெனோபோடியம் என்ற செடியின் எண்ணெய். குமட்டும். பட்டினி கிடந்து குடித்துவிட்டு, பிறகு பேதி உப்பும் குடிக்க வேண்டும். ஒரு நாள் வேலை போகும். அதையும் தொழிலாளர்கள் குடித்தார்கள். துரைமார்களுக்கும் மருந்து பிடித்திருந்தது. ஆள் தெம்பானால் கொழுந்து கூடுதலாக வரும் என்பது எளிய கணக்கு. ஆனால் ராக்பெல்லர் ஆட்கள் இரண்டாவதாக ஒன்றும் கேட்டார்கள். மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, லயத்துக்கு லயம் கழிப்பறை கட்டுங்கள், இல்லாவிட்டால் புழு திரும்ப வரும் என்றார்கள். அங்கேதான் துரைமார்களின் உற்சாகம் வடிந்தது. மருந்துச் செலவு ஒரு முறை; கழிப்பறை என்றால் கட்ட வேண்டும், கழுவ வேண்டும், தண்ணீர் கொண்டுவர வேண்டும். பல தோட்டங்கள் இழுத்தடித்தன. மருந்து சாப்பிட்டு இறங்கிய புழு, அடுத்த மழைக்காலத்தில் அதே கால் வழியாக ஏறியது.

இந்த இடத்தை நான் இரண்டு மூன்று முறை படித்தேன். நூறு வருடமாக இந்த விஷயத்தில் மாறாமல் இருப்பது இது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. மருந்து என்றால் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறோம். இடத்தை மாற்றுவது என்றால் பட்ஜெட் இல்லை.

1920களில் ராக்பெல்லர் அமைப்பின் டாக்டர் கென்ட்ரிக் சென்னை மாகாணத்திலும் கொக்கிப் புழு ஆய்வு நடத்தினார். 1939இல் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே இந்த வகையில் அதுதான் முதல் சட்டம். சட்டம் ஒரு பக்கம் இருக்க, மக்கள் உடம்பில் உண்மையாக இரத்தம் ஊறவைத்த இடம் என்று கேட்டால், நான் பள்ளிக்கூடத்தைத்தான் சொல்வேன். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. 1925இல் வெள்ளைக்கார அரசு செலவைக் காட்டி நிறுத்தியது. (பட்ஜெட் இல்லை!) காமராஜர் 1956இல் எட்டயபுரத்தில் திரும்பத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவாக விரித்தார். அப்போது எங்கள் கிளையில்கூட ‘இதெல்லாம் எத்தனை நாள் ஓடும்’ என்று பந்தயம் கட்டினார்கள். பிறகு முட்டை வந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாக் காலணி கொடுக்கிறார்களே, அதைப் பலர் இலவசம் என்று கிண்டல் செய்கிறோம். கொக்கிப் புழு கால் வழியாக ஏறும் என்று தெரிந்தவர்கள் கிண்டல் செய்ய மாட்டார்கள்.

2015 பிப்ரவரியில் தேசியக் குடற்புழு நீக்க நாள் தொடங்கியது. வழக்கமாக பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் 1 முதல் 19 வயது வரை எல்லோருக்கும் ஒரு அல்பெண்டசோல் மாத்திரை, மென்று சாப்பிட வேண்டும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதி. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் நீங்கலாக, கொடுக்கிறார்கள். குமட்டும் எண்ணெய் இல்லை, பட்டினி இல்லை, பேதி உப்பு இல்லை. அந்த இலங்கைத் தோட்டத் தொழிலாளி இதைப் பார்த்திருந்தால் மிட்டாய் என்று நினைத்திருப்பார். ஆசிரியர் வகுப்பில் நின்று, வருகைப் பதிவேட்டைப் பார்த்து, ஒவ்வொரு பிள்ளையும் மென்று விழுங்கியதா என்று பார்க்கிறார். டாக்டர் வரவேண்டிய அவசியமே இல்லை. பிள்ளைகள் எப்படியும் வரும் இடம் அது. ஜவ்வாது மலையிலும் இப்படித்தான். அங்கே பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன, வனத்துறையே நடத்தும் பள்ளிகளும் இருக்கின்றன. மரம் பாதுகாக்கும் துறை பாடமும் நடத்துவது வேறு எங்கே பார்க்கக் கிடைக்கும்!

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. உருண்டைப் புழு, சாட்டைப் புழு இரண்டும் அதிகம் பிடிப்பது குழந்தைகளை. கொக்கிப் புழு அப்படியல்ல. வயது ஏற ஏற அது கூடுகிறது. வயலில், காட்டில் வெறுங்காலோடு இறங்கி வேலை செய்வது பெரியவர்கள்தானே. பள்ளியில் பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துச் சுத்தம் செய்தால், வீட்டிலிருக்கும் அப்பாவும் பாட்டியும் மண்ணில் மறுபடி முட்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள். வரவு ஒரு கணக்கில், செலவு இன்னொரு கணக்கில்; இருப்பு நேராகவே ஆகாது.

இந்தக் கேள்வியைத்தான் ஜவ்வாது மலையில் வைத்து உலகம் கேட்டது. டிவோர்ம்3 என்று ஒரு பெரிய ஆய்வு. ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி, ஆசியாவில் இந்தியா. இந்தியாவில் தேர்ந்தெடுத்தது தமிழ்நாட்டின் இரண்டு ஒன்றியங்களை: சமவெளியில் திமிரி, மலையில் ஜவ்வாது. நடத்தியது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. இந்த இரண்டு ஒன்றியங்களையும் 40 தொகுதிகளாகப் பிரித்தார்கள். பாதித் தொகுதிகளில் வழக்கம் போலப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். மீதிப் பாதியில் குழந்தை முதல் கிழவர் வரை ஊரில் உள்ள எல்லோருக்கும், வருடத்துக்கு இரண்டு முறை, மூன்று வருடம், வீடு வீடாகப் போய். எல்லோருக்கும் கொடுத்தால் புழுவின் சங்கிலியையே அறுத்துவிட முடியுமா என்பது கேள்வி.

யோசித்துப் பாருங்கள், மலையில் வீடு வீடாகப் போவது என்றால் என்ன என்று. நாலு வீடு ஒரு சரிவில், அடுத்த நாலு வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். பகலில் போனால் வீட்டில் ஆள் இருக்காது, காட்டில் இருப்பார்கள். மலையில் பிழைப்புப் போதாமல் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலி வேலைக்குப் போன ஆண்கள் பொங்கலுக்குத்தான் திரும்புவார்கள். விடுபட்டவர்களைத் தேடித் திரும்பத் திரும்பப் போகவேண்டும். பள்ளிக்கூடம் என்ற ஏற்பாடு எவ்வளவு பெரிய வசதி என்று அப்போதுதான் தெரியும். பெரியவர்களுக்கு அப்படி ஒரே நேரத்தில் கூடும் இடம் எது? வேலை செய்யும் இடம். அதுவும் ஒரு கூரையின் கீழ் இருந்தால்.

ஆய்வின் புள்ளிவிவர நுணுக்கங்கள் நிபுணர்களுக்கு. எனக்கு அது கேட்ட கேள்வியே பெரிதாகப் படுகிறது. அதோடு மலைவீட்டில் கழிப்பறையும் சேர்ந்து யோசிக்க வேண்டியது. கட்டிக்கொடுத்தால் ஏன் பயன்படுத்த மாட்டேன் என்கிறார்கள் என்று சுற்றுலா போய் வந்த நண்பர் ஒருவர் கேட்டார். ஓடையிலிருந்தோ கிணற்றிலிருந்தோ தலையில் குடம் சுமந்து வரும் பெண், அதில் ஒரு குடத்தைக் கழிப்பறையில் ஊற்றுவாளா? குழாய் வராத இடத்தில் பீங்கான் மட்டும் வந்து என்ன பயன்?

இதே மலையில், காவலூரில், 1986 ஜனவரியில் 2.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். வைணு பாப்பு பெயரில் இருப்பது அதுதான். அதே வருடம் நவம்பரில் கனடாவின் ஒட்டாவா நகரில் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு மாநாடு கூட்டி ஒரு சாசனம் வெளியிட்டது. அதன் சாரம் இவ்வளவுதான்: ஆரோக்கியம் உண்டாவது ஆஸ்பத்திரியில் அல்ல, மனிதர்கள் தினமும் படிக்கிற, வேலை செய்கிற, விளையாடுகிற, அன்போடு வாழ்கிற இடங்களில். ஆகவே அந்த இடங்களைத் திருத்துங்கள். பிறகுதான் ஆரோக்கியப் பள்ளி, ஆரோக்கியப் பணியிடம், ஆரோக்கிய மருத்துவமனை என்றெல்லாம் திட்டங்கள் வந்தன. கேட்கப் புதிதாக இருந்திருக்கலாம். வேலூர்க்காரர்களுக்கு அவ்வளவு புதிதல்ல. ஐடா ஸ்கட்டர் 1909இலேயே ஒரு பெஜோ காரில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு குடியாத்தம் சாலையில் வாரம் தோறும் போவார். சாலையோர மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருப்பார்கள். மருத்துவமனை அங்கே நடந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் அந்த மரத்தடியின் தொடர்ச்சிதான். 2024இல் அது தொழிற்சாலைகளுக்குள்ளும் போயிருக்கிறது, தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று.

சரி, பொதுக்குழு.

கடந்த கூட்டத்தில் ஹவுஸ்கீப்பிங் பற்றிப் பேச்சு வந்தது நினைவிருக்கும். “மசமசவென்று பெருக்குகிறார்கள், இரண்டு மாடி ஏறினால் படியில் உட்கார்ந்துவிடுகிறார்கள், ஏஜென்சியை மாற்றலாம்” என்று மூன்று பேர் சொன்னார்கள். ஒருவர் அந்தச் சொல்லையே சொன்னார்: சோம்பேறிகள். எனக்கு உடனே மை டப்பா ஞாபகம் வந்தது.

அவர்கள் குடலில் புழு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. யாருக்கு என்ன என்று சோதனை செய்யாமல் சொல்லக்கூடாது. ஆனால் 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல். அதில் நம் வீட்டுப் பெண்களும் அடக்கம். நாம் லிஃப்டில் ஏறுவதால் தெரிவதில்லை. நமக்கு வேலை செய்யும் பெண்கள் காலை ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்து, பெரும்பாலும் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறார்கள். வந்ததும் அன்போடு நாம் டீ கொடுக்கிறோம். கொடுங்கள், நல்லது. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் இடைவெளி இருந்தால் நல்லது.

இன்னொன்று, சொல்லச் சங்கடமானது. நம் குடியிருப்பில் வேலைக்கு வரும் பெண்கள் எங்கே கழிப்பறைக்குப் போகிறார்கள்? தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். பேஸ்மென்ட்டில் பம்ப் ரூமுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. பல்பு இல்லை, தாழ்ப்பாள் இல்லை, குழாயில் காலை எட்டு மணிக்கு மேல் தண்ணீர் இல்லை. செக்யூரிட்டி ஆண்களும் டிரைவர்களும் அதையேதான் பயன்படுத்துகிறார்கள். அதனால் பெண்கள் போவதே இல்லை. போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதில்லை என்று ஒருவர் என் மனைவியிடம் சொன்னார். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் மாடி பெருக்கினால் படியில் உட்காராமல் என்ன செய்வது?

1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தில் தொழிலாளருக்குப் போதிய கழிப்பறை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, வெளிச்சத்தோடும் காற்றோட்டத்தோடும் வேண்டும் என்று பிரிவு 19 சொன்னது. கடைகளில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. நம் குடியிருப்பு தொழிற்சாலை அல்ல. நாம் அதை வீடு என்கிறோம். ஆனால் தினமும் 14 பேருக்கு அது பணியிடம். இலங்கைத் துரைமார்களைப் பற்றி மேலே எழுதும்போது இந்த பேஸ்மென்ட்தான் என் கண்முன் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரிடம் பேசினேன். நாம் ஹாலைத் திறந்துவிட்டு, பெயர்ப் பட்டியலும் கொடுத்தால், ஒரு நாள் காலையில் வந்து ஹீமோகுளோபின், இரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றும் பார்த்துவிடுவதாகச் சொன்னார். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் மாத்திரை அங்கேயே கிடைக்கும். குடற்புழு மாத்திரை தகுதி உள்ளவர்களுக்கு அடுத்த சுற்றில். குடியிருப்போரும் பார்த்துக்கொள்ளலாம், தனி வரிசை வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். முக்கியமாக, அன்றைக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கக்கூடாது. கெனோபோடியம் குடித்தவர்களுக்குப் போன அந்த ஒரு நாள் கூலியை யாரும் கணக்கில் எழுதி வைக்கவில்லை.

கழிப்பறைக்கு பிளம்பரிடம் விலைப்புள்ளி வாங்கியிருக்கிறேன். பெண்களுக்கெனத் தனியாகத் தடுத்து, பல்பு, தாழ்ப்பாள், மேல்தொட்டியிலிருந்து குழாய், கை கழுவும் பேசின், சோப்பு டப்பா எல்லாம் சேர்த்து ரூ.18,000. நம் 64 வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு 281 ரூபாய் 25 காசு. விலைப்புள்ளியின் நகலை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இது நான்காவது பொருள். ஏஜென்சியை மாற்றுவது ஐந்தாவது. அந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்ளுமாறு செயலாளரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.